தேர்வு எழுதாமல் வந்த மதிப்பெண்: 2021 பிளஸ் டூ முடிவு குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

2021 ஜூலை 19 அன்று தமிழ்நாட்டின் பிளஸ் டூ முடிவு வெளியானது. 8 லட்சத்து 16 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள். தேர்ச்சி நூறு விழுக்காடு. ஆறு பாடங்களுக்கும் தனித்தனி மதிப்பெண் இருந்தது. அறுநூறுக்கு எவ்வளவு என்ற மொத்தமும் இருந்தது. போதாக்குறைக்குத் தசமப் புள்ளியும் இருந்தது. எழுத்துத் தேர்வு மட்டும் நடந்திருக்கவில்லை.

'அளவீட்டையும் மதிப்பீட்டையும் வேறுபடுத்துக' என்பது பி.எட். மாணவர்கள் மனப்பாடம் செய்து எழுதிவிட்டு மறந்துபோகும் கேள்வி. எவ்வளவு என்று எண்ணால் சொல்வது அளவீடு, அதை வைத்துத் தீர்ப்புச் சொல்வது மதிப்பீடு. நடுவே ஒரு கோடு போட்டு இடப்பக்கம் ஐந்து, வலப்பக்கம் ஐந்து எழுதினால் முழு மதிப்பெண் கிடைக்கும். அந்தக் கோடு எங்கே விழுகிறது என்பதை ஒரு மாநிலம் முழுவதும் தன் பிள்ளைகளின் எதிர்காலத்தை வைத்துப் பார்க்க நேர்ந்த நிகழ்வு இது. அந்த ஆண்டின் கணக்கீட்டு முறையைக் குறை கூறுவது எளிது. அதைவிட நல்ல முறையை மூன்று வாரத்தில் கொண்டுவந்திருக்கலாம் என்று நான் சொல்ல மாட்டேன். என் வாதம் வேறு. அரசு அன்று செய்தது அளவீடு அல்ல, ஒரு தீர்ப்பு. பெரும்பாலும் இரக்கமுள்ள தீர்ப்புதான். அதை அளவீடு போல அச்சிட்டுக் கொடுத்ததில்தான் சிக்கல் தொடங்குகிறது.

நடந்தவை

இந்த மாணவர்கள் 2019 மார்ச்சில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதியவர்கள். 2020 மார்ச்சில் பிளஸ் ஒன் பொதுத்தேர்வு எழுதிக்கொண்டிருந்தபோது ஊரடங்கு வந்தது. மார்ச் 26 அன்று நடக்க வேண்டிய வேதியியல், கணக்குப்பதிவியல், புவியியல் தேர்வுகள் நின்றுபோயின. ஜூன் 9 அன்று அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி அந்தத் தேர்வுகளையும் அந்த ஆண்டின் பத்தாம் வகுப்புத் தேர்வையும் ரத்து செய்தார். காலாண்டு, அரையாண்டுத் தேர்வு மதிப்பெண்களுக்கு 80 விழுக்காடு, வருகைப் பதிவுக்கு 20 விழுக்காடு என்று கணக்கிட்டு மதிப்பெண் வழங்கப்பட்டது.

அதன்பின் பல மாதங்கள் தொலைக்காட்சிப் பாடம், கைப்பேசிப் பாடம், அல்லது எதுவும் இல்லை. 2021 ஜனவரி 19 அன்று பத்து, பன்னிரண்டாம் வகுப்புகளுக்குப் பள்ளி திறந்தது. பாடத்திட்டம் குறைக்கப்பட்டிருந்தது. ஏப்ரலில் செய்முறைத் தேர்வு நடந்து முடிந்தது. மே மாதம் நடக்க வேண்டிய எழுத்துத் தேர்வை இரண்டாம் அலை தள்ளிவைத்தது. ஜூன் 1 அன்று சி.பி.எஸ்.இ. தன் தேர்வை ரத்து செய்தது. பெற்றோர், ஆசிரியர், கல்வியாளர்களிடம் கருத்துக் கேட்டபின் ஜூன் 5 அன்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் மாநிலத் தேர்வையும் ரத்து செய்தார்.

ஜூன் இறுதியில் கணக்கீட்டு முறை வந்தது. பத்தாம் வகுப்பில் அதிக மதிப்பெண் பெற்ற மூன்று பாடங்களின் சராசரிக்கு 50 விழுக்காடு. பிளஸ் ஒன் பொதுத்தேர்வில் அந்தந்தப் பாடத்தின் எழுத்துத் தேர்வுக்கு 20 விழுக்காடு. பிளஸ் டூ செய்முறைத் தேர்வு 20, பள்ளி ஆசிரியரே இடும் அகமதிப்பீடு 10 ஆகியவற்றுக்கு 30 விழுக்காடு. செய்முறை இல்லாத பாடங்களில் அகமதிப்பீட்டின் பத்து மதிப்பெண்ணே முப்பதாக மாற்றப்படும். பிளஸ் ஒன் எழுத்துத் தேர்வில் தவறியவர்களுக்கும் எழுதாதவர்களுக்கும் அந்தப் பகுதியில் 35 விழுக்காடு வழங்கப்படும். கிடைத்த மதிப்பெண் போதாது என்று நினைப்பவர்கள் பிறகு தேர்வு எழுதலாம். அந்தத் தேர்வில் பெறும் மதிப்பெண்ணே இறுதியானது.

இரண்டு மாணவர்கள், ஒரு கணக்கு

இந்த முறையைத் தள்ளி நின்று பார்த்தால் நியாயமாகவே தெரியும். கிட்டப் போய் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். கீழே வரும் இருவரும் கற்பனை மாணவர்கள், விதிகள் உண்மையானவை.

முதலாவது, ஒரு மாணவி. பத்தாம் வகுப்பில் சமூக அறிவியல் 96, தமிழ் 92, அறிவியல் 88, ஆங்கிலம் 84, கணிதம் 71. முதல் மூன்று பாடங்களின் சராசரி 92. அதில் பாதி 46. பிளஸ் ஒன் கணிதத்தில் 90-க்கு 48. நூற்றுக்கு 53.33 என்றாகிறது, இருபதுக்கு 10.67 வருகிறது. அகமதிப்பீட்டில் பத்துக்குப் பத்து, அதாவது முப்பதுக்கு முப்பது. கூட்டினால் பிளஸ் டூ கணிதத்தில் 86.67.

இந்த மாணவி பொதுத்தேர்வு வழியாகக் கணிதத்தில் இதுவரை வாங்கியவை 71-உம் 53-உம்தான். சான்றிதழில் இருப்பதோ 86.67. கணிதத்துக்கான அந்த எண்ணில் சரிபாதி, சமூக அறிவியலும் தமிழும் அறிவியலும் சேர்ந்து கொடுத்தது. அவருடைய பத்தாம் வகுப்புக் கணிதம் அந்த எண்ணுக்குள் நுழையவே இல்லை.

இயற்பியலில் பிளஸ் ஒன் எழுத்துத் தேர்வு 70-க்கு 42 என்று கொள்வோம். 46-உம் 12-உம் 30-உம் சேர்ந்து 88. வேதியியலில் 70-க்கு 49, மொத்தம் 90. அந்த 49-உம் தேர்வு எழுதி வாங்கியதல்ல. காலாண்டும் அரையாண்டும் வருகைப் பதிவும் கலந்து வந்தது. தேர்வு நடக்காத ஆண்டுக்கு மதிப்பெண் போட, தேர்வு நடக்காத முந்தைய ஆண்டின் மதிப்பெண் பயன்பட்டிருக்கிறது. 2019-இன் இரண்டாம் பாதியில் எத்தனை நாள் பள்ளிக்கு வந்தார் என்பதும், மெல்லியதாகவேனும், 2021-இன் வேதியியல் மதிப்பெண்ணில் கரைந்திருக்கிறது.

இரண்டாவது, ஒரு மாணவன். பத்தாம் வகுப்பில் சுமாராகப் படித்துவிட்டு, பிடித்த பாடப்பிரிவு கிடைத்ததும் பதினொன்றில் விழித்துக்கொண்டவன். எல்லா வகுப்பிலும் இப்படி நாலு பேர் இருப்பார்கள். பத்தாம் வகுப்பின் சிறந்த மூன்று பாடச் சராசரி 74, பாதி 37. பிளஸ் ஒன்னில் கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றிலும் 80 விழுக்காடு, எனவே 16. செய்முறையும் அகமதிப்பீடும் முழுமை, 30. மூன்று பாடங்களிலும் 83.

பொறியியல் கட்-ஆஃப் போடுவோம். கணிதம் நூற்றுக்கு, இயற்பியலும் வேதியியலும் ஐம்பது ஐம்பதுக்கு. மாணவிக்கு 175.67. மாணவனுக்கு 166. பொறியியலுக்கு வேண்டிய மூன்று பாடங்களிலும், மேல்நிலை வகுப்பின் எழுத்துத் தேர்வுப் பதிவில் முன்னால் நிற்பவன் மாணவன். தரவரிசையிலோ அவன் ஒன்பதரை மதிப்பெண்ணுக்கு மேல் பின்தங்குகிறான். கட்-ஆஃபில் அது ஆயிரக்கணக்கான பேர் நுழையும் இடைவெளி.

மாணவி தகுதியற்றவர் என்பது இதன் பொருள் அல்ல. தேர்வு நடந்திருந்தால் அவர் 95 வாங்கியிருக்கவும் கூடும். யாருக்கும் தெரியாது. அந்த எண்ணும் அதைச் சொல்லவில்லை என்பதுதான் இங்கே விஷயம்.

எவ்வளவு என்ற கேள்வியும் போதுமா என்ற கேள்வியும்

அளவீடு என்பது, ஒரு பண்பு ஒருவரிடம் எவ்வளவு இருக்கிறது என்பதை முன்கூட்டியே வகுத்த விதிப்படி எண்ணாக்குவது. யார் திருத்தினாலும், எந்த ஊரில் எழுதினாலும் ஏறக்குறைய ஒரே எண் வர வேண்டும். இதை நம்பகத்தன்மை என்பார்கள். எதை அளப்பதாகச் சொல்கிறோமோ அதைத்தான் அளக்க வேண்டும். இது ஏற்புடைமை. மதிப்பீடு அடுத்த படி: அந்த எண்ணையும், எண்ணாகாத பிற சான்றுகளையும் முன்னால் வைத்துக்கொண்டு, ஒரு நோக்கத்துக்காகத் தீர்ப்புச் சொல்வது. இவருக்குப் பள்ளிப் படிப்பு முடிந்ததாகச் சான்று கொடுக்கலாமா? இவரை இந்தப் படிப்பில் சேர்க்கலாமா? இவருக்கு எந்தப் பாடத்தைத் திரும்ப நடத்த வேண்டும்? மூன்றும் வெவ்வேறு கேள்விகள். ஒரே எண் மூன்றுக்கும் விடையாகாது.

நூற்றுக்கு 38 என்பது அளவீடு. 35-ஐத் தாண்டியதால் தேர்ச்சி என்பது மதிப்பீடு. அந்த 35-ஐ யாரும் அளந்து கண்டுபிடிக்கவில்லை; முடிவு செய்து வைத்தார்கள். நாற்பதாகவும் வைத்திருக்கலாம்.

கல்வியில் மதிப்பீட்டைத் தனித் துறையாக நிறுத்தியவர்களில் முதன்மையானவர் அமெரிக்கரான ரால்ஃப் டைலர். 1930-களில் அங்கே நடந்த எட்டாண்டு ஆய்வின் மதிப்பீட்டுக் குழுவை வழிநடத்தியவர். முப்பது பள்ளிகளின் மாணவர்களை வழக்கமான நுழைவு நிபந்தனைகள் இன்றிக் கல்லூரியில் சேர்த்துக்கொண்டு, அவர்கள் எப்படிப் படித்தார்கள் என்று பார்த்த ஆய்வு அது. வழக்கமான பள்ளிகளிலிருந்து வந்தவர்களுடன் 1,475 இணைகளாகச் சேர்த்து ஒப்பிட்டார்கள். புதிய பள்ளிகளிலிருந்து வந்தவர்கள் பின்தங்கவில்லை. நமக்கு இங்கே வேண்டியது அவர்கள் கேள்வி கேட்ட வரிசை. முதலில் நோக்கம், பிறகு அந்த நோக்கம் நிறைவேறியதற்கு எது சான்று, கடைசியில்தான் அளவுகோல். தமிழ்நாட்டில் 2021-இல் இந்த வரிசை தலைகீழாக நடந்தது. கையில் என்ன எண்கள் இருக்கின்றன என்று முதலில் பார்த்தார்கள். நெருக்கடியில் வேறு வழி இல்லைதான்.

கையில் இருந்த எண்களும் வேறு வேறு வாக்குறுதிகளின் கீழ் பெறப்பட்டவை. பிளஸ் ஒன் பொதுத்தேர்வையே எடுத்துக்கொள்வோம். பல தனியார் பள்ளிகள் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு இரண்டு ஆண்டும் பன்னிரண்டையே நடத்தின. அதைத் தடுக்கத்தான் 2017-18 கல்வியாண்டில் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு வந்தது. முதலில் இரண்டு ஆண்டு மதிப்பெண்ணும் சேரும் என்றார்கள். 2018-இலேயே மாற்றிக்கொண்டார்கள்: உயர்கல்விச் சேர்க்கைக்குப் பிளஸ் டூவின் 600 மட்டும் போதும், பிளஸ் ஒன்னில் தேர்ச்சி பெற்றால் சரி. 2020 மார்ச்சில் தேர்வு எழுதிய மாணவர் அந்தப் பேச்சை நம்பித்தான் எழுதினார். தேர்ச்சி மட்டும் போதும் என்று ஒருவர் எழுதிய தேர்வு, ஓராண்டு கழித்துக் கல்லூரிக்குள் அவருக்கு இடம் பிரிக்க வந்து நின்றது. விடைத்தாளும் மதிப்பெண்ணும் மாறவில்லை. அதன் மேல் வைக்கப்பட்ட கேள்வி மாறிவிட்டது. ஏற்புடைமை என்பது தேர்வின் குணமல்ல, தேர்வு முடிவைப் பயன்படுத்தும் விதத்தின் குணம் என்று அளவீட்டியலில் சொல்வதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை.

பத்தாம் வகுப்புக்கு ஏன் பாதி எடை? காரணம் ஊகிக்கக்கூடியதே. 2019 மார்ச் தேர்வு மட்டும்தான் குறுக்கீடு எதுவும் இல்லாமல், மாநிலம் முழுக்க ஒரே வினாத்தாளில், முழுதாக நடந்து முடிந்தது. நம்பகத்தன்மையில் அதற்கு நிகர் இல்லை. ஆனால் பதினைந்து வயதில் எழுதிய சமூக அறிவியல், பதினேழு வயதில் கற்ற இயற்பியலுக்குச் சான்றாகாது. நம்பகமான எண்ணைத் தேடிப் போய் ஏற்புடைமையைக் கைவிட்டார்கள். அது பிழையல்ல, ஒரு தெரிவு. இரண்டில் ஒன்றைத்தான் அன்று எடுக்க முடிந்தது. எதை எடுத்தோம் என்பதைச் சான்றிதழ் சொல்லியிருக்க வேண்டும்.

அறிவித்த எடையும் உண்மை எடையும்

50, 20, 30 என்று அறிவித்துவிட்டால் அந்த விகிதத்தில்தான் அவை மதிப்பெண்ணைத் தீர்மானிக்கும் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. பல பகுதிகளைக் கூட்டித் தரவரிசை போடும்போது, ஒரு பகுதியின் உண்மையான செல்வாக்கு, அதில் மாணவர்களிடையே எவ்வளவு ஏற்ற இறக்கம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. எல்லோரும் முப்பதுக்கு முப்பது வாங்கிவிட்டால் அந்த முப்பது தரவரிசையை ஓர் அங்குலமும் நகர்த்தாது. எல்லோர் கணக்கிலும் ஏறி உட்கார்ந்துகொண்டு சும்மா இருக்கும்.

அகமதிப்பீடு என்பது வருகை, பள்ளித் தேர்வு, ஒப்படைவு, கல்வி இணைச் செயல்பாடு ஆகியவற்றுக்காக ஆசிரியர் இடும் பத்து மதிப்பெண். அதில் தாராளம் நம் பள்ளிகளுக்குப் பழக்கமானது. செய்முறைத் தேர்விலும் தாராளம்தான். நான் ஆசிரியர்களைக் குறை சொல்லவில்லை. தன் மாணவனுக்கு எட்டுப் போட்டு, பக்கத்து ஊர்ப் பள்ளி தன் மாணவனுக்குப் பத்துப் போட்டால் நட்டம் யாருக்கு என்று அவர்களுக்குத் தெரியும். சேர்க்கைக்கான எண்ணாக மாறும் என்று தெரிந்த நொடியில் எந்த அகமதிப்பீடும் மேலே போய் முட்டிக்கொண்டு நின்றுவிடும். ஆசிரியரின் மதிப்பீடாக இருக்க வேண்டியது, அளவீட்டு அட்டவணையின் ஒரு கட்டமாகச் சுருங்கியதன் விளைவு இது.

முப்பது அசையாமல் நிற்கிறது. ஐம்பதோ ஒரு மாணவரின் ஆறு பாடங்களுக்கும் ஒரே எண். தமிழுக்கும் 46, இயற்பியலுக்கும் 46. ஆக ஒருவரின் இயற்பியல் மதிப்பெண்ணையும் கணித மதிப்பெண்ணையும் வேறுபடுத்தியது பெரும்பாலும் அந்த இருபது மட்டுமே. பாடவாரியாக மதிப்பெண் அச்சிட்டிருந்தாலும், அந்தப் பாடத்தைப் பற்றி அந்த எண் சொன்னது மிகக் குறைவு. சான்றிதழில் ஆறு வரிகள் இருந்தன. உள்ளே ஏறத்தாழ ஒன்றே கால் வரிக்கான தகவல் இருந்தது.

தசமப் புள்ளிக்கு அப்பால்

எல்லாப் பொதுத்தேர்வுக்கும் அளவீட்டுப் பிழை உண்டு. அதே மாணவர், அதே தயாரிப்புடன், இணையான இன்னொரு வினாத்தாளை எழுதினால் வேறு மதிப்பெண் வரும். எவ்வளவு வேறுபடும் என்பதற்குச் சூத்திரம் இருக்கிறது: மதிப்பெண்களின் திட்ட விலக்கத்தை (அவை சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியுள்ளன என்பதைக் காட்டும் எண்), ஒன்றிலிருந்து நம்பகக் கெழுவை (நம்பகத்தன்மையைச் சுழியத்துக்கும் ஒன்றுக்கும் இடையே காட்டும் எண்) கழித்து வரும் எண்ணின் வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும். ஒரு தேர்வின் திட்ட விலக்கம் 15, நம்பகக் கெழு 0.91 என்று கொள்ளுங்கள். நல்ல தரமான தேர்வுதான். பிழை 4.5 வருகிறது. அதாவது 80 வாங்கியவரின் உண்மை நிலை, மூன்றில் இரண்டு பங்கு உறுதியுடன், 75.5-க்கும் 84.5-க்கும் இடையே எங்கோ இருக்கிறது. நன்றாக நடந்த தேர்வின் கதையே இது. நடக்காத தேர்வுக்கு 86.67 என்று எழுதும்போது அந்த .67 எதை அளந்தது? வகுத்தலில் மிஞ்சியதை அளந்தது.

இருந்தும் அந்தத் தசமம் வீணாகப் போகவில்லை, அதுதான் வேதனை. தொழிற்கல்விக்கான மாநில நுழைவுத் தேர்வை ரத்து செய்யும் சட்டம் 2007-இல் நடைமுறைக்கு வந்தது முதல், பொறியியல் கலந்தாய்வில் யார் முன், யார் பின் என்பதைப் பிளஸ் டூ மதிப்பெண்ணே தீர்மானித்துவருகிறது. ஒரே கட்-ஆஃபில் பலர் நின்றால் கணித மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள், அடுத்து இயற்பியல், இப்படியே போய்ப் பிறந்த தேதி, அதிலும் தீராவிட்டால் சமவாய்ப்பு எண் (ரேண்டம் நம்பர்). சமவாய்ப்பு எண்ணைப் பலர் கேலி செய்வார்கள். வாழ்க்கையைக் குலுக்கலில் விடுவதா என்று. என் கண்ணுக்கு அந்த வரிசையிலேயே நாணயமான உறுப்பு அதுதான். இவர்களைப் பிரித்துப் பார்க்க எங்களிடம் சான்று இல்லை என்று ஒப்புக்கொண்டு நடக்கும் குலுக்கல் அது. தசமப் புள்ளியும் குலுக்கல்தான், அந்த ஒப்புதல் மட்டும் இல்லை. 175.67 வாங்கியவர் 175.33 வாங்கியவரை முந்தும்போது, முந்தியவர் தன் திறமையால் முந்தியதாக நம்புகிறார், பிந்தியவர் தன் குறையால் பிந்தியதாக.

முடிவு வெளியாவதற்கு ஐந்து நாள் முன்புதான், ஜூலை 14 அன்று, நீட் தேர்வின் தாக்கம் குறித்து ஆராய்ந்த நீதிபதி ஏ.கே.ராஜன் குழு தன் அறிக்கையை அரசிடம் கொடுத்தது. மருத்துவச் சேர்க்கைக்கு ஒரு நாள் தேர்வைவிடப் பள்ளிப் படிப்பின் மதிப்பெண்ணே நியாயமான அடிப்படை என்பது இந்த மாநிலத்தின் நீண்டநாள் வாதம். அந்த வாதத்தில் எனக்கு உடன்பாடு உண்டு. அதனாலேயே சொல்கிறேன்: பள்ளி மதிப்பெண் மேலானது என்று வாதிடும் மாநிலம், அந்த மதிப்பெண் எதை அளக்கிறது என்ற கேள்விக்கு மற்ற மாநிலங்களைவிடக் கூடுதல் கவனத்துடன் பதில் வைத்திருக்க வேண்டும்.

மற்றவர்கள் செய்தது

சி.பி.எஸ்.இ. 30, 30, 40 என்று பிரித்தது: பத்தாம் வகுப்பின் சிறந்த மூன்று பாடங்கள், பதினொன்றாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பின் பள்ளித் தேர்வுகள். பள்ளிகள் அள்ளி வழங்கிவிடும் என்று அஞ்சி, ஒவ்வொரு பள்ளியின் முந்தைய மூன்று ஆண்டுத் தேர்ச்சியில் சிறந்ததை அளவுகோலாக வைத்து, அதைத் தாண்டி வெகுதூரம் போகாமல் கடிவாளம் போட்டது.

அந்தக் கடிவாளம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை இங்கிலாந்து ஓராண்டு முன்பே பார்த்திருந்தது. 2020-இல் அங்கே பள்ளி இறுதித் தேர்வான ஏ லெவல் ரத்தானபோது, ஆசிரியர்கள் கொடுத்த கணிப்புத் தரங்களை ஆஃப்குவால் என்ற ஒழுங்குமுறை அமைப்பு, பள்ளியின் கடந்தகாலத் தேர்ச்சியை வைத்துத் திருத்தியது. ஆகஸ்ட் 13 அன்று முடிவு வந்தபோது ஐந்தில் இரண்டு பங்குத் தரங்கள் ஆசிரியர் கொடுத்ததைவிடக் குறைந்திருந்தன. மாணவர் எண்ணிக்கை மிகக் குறைவாக இருந்த பாட வகுப்புகளுக்குச் சூத்திரம் பொருந்தாது என்று ஆசிரியர் தரத்தையே ஏற்றார்கள். அப்படிச் சிறிய வகுப்புகள் கட்டணப் பள்ளிகளில்தான் அதிகம். அரசுப் பள்ளியில் நன்றாகப் படித்த பிள்ளை, தனக்கு முன் அங்கே படித்தவர்களுக்காகத் தண்டிக்கப்பட்டது. தெருப் போராட்டம் வெடித்து, நான்கே நாளில் அரசு பின்வாங்கி, ஆசிரியர் தரத்தை ஏற்றுக்கொண்டது.

இங்கிலாந்தின் சூத்திரம் புள்ளியியல் நோக்கில் நம்முடையதைவிட நுட்பமானது. நாட்டளவில் உயர்ந்த தரம் வாங்குவோரின் விழுக்காடு ஆண்டுக்கு ஆண்டு பெரிதாக மாறாமல் இருக்க வேண்டும் என்ற நோக்கத்தை அது நிறைவேற்றியும் விட்டது. ஒவ்வொரு மாணவரையும் நியாயமாக நடத்துவது வேறு நோக்கம். அதைச் சூத்திரத்திடம் யாரும் கேட்கவில்லை. தமிழ்நாடு பள்ளியின் வரலாற்றை மாணவர் தலையில் கட்டவில்லை. தேர்ச்சி எல்லோருக்கும், கணக்கில் சாய்வு மாணவர் பக்கம். இதுவும் ஒரு மதிப்பீடே, நல்ல மதிப்பீடு என்பேன்.

மதிப்பெண்ணே இல்லாத சான்றிதழ்

அதே 2021-இல் பத்தாம் வகுப்புக்கு நேர் எதிரான முடிவு எடுக்கப்பட்டது. ஒன்பது, பத்து, பதினொன்றாம் வகுப்பு மாணவர்கள் அனைவருக்கும் தேர்ச்சி என்று பிப்ரவரியிலேயே அறிவித்துவிட்டார்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் மதிப்பெண் இல்லை, தேர்ச்சி என்ற சொல் மட்டும். அளக்கவில்லை, எனவே எண் போடவில்லை. படிப்பைத் தொடரலாம் என்ற தீர்ப்பு மட்டும் போதும். அளவீடு இல்லாமலே மதிப்பீடு செய்ய முடியும் என்பதற்கு இதுவே சான்று; என் பார்வையில் அந்த ஆண்டின் ஒழுங்கான ஆவணமும் இதுதான்.

ஆனால் அஞ்சல் துறையின் கிராமப்புற ஊழியர் பணிக்குப் பத்தாம் வகுப்பு மதிப்பெண்தான் அடிப்படை. இப்படி வெளியே உள்ள உலகம் எண்ணைக் கேட்கிறது. நாணயமான சான்றிதழ் வைத்திருப்பவரிடம் காட்ட எண் இல்லை. பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அரசு எண் போட்டுக் கொடுத்ததன் நியாயம் இங்கே விளங்கும். வெறும் 'தேர்ச்சி'யோடு அவர்களை அனுப்பியிருந்தால், வெளிமாநிலப் பல்கலைக்கழகங்களின் வாசலில் திருப்பி அனுப்பப்பட்டிருப்பார்கள்.

யாரும் கேட்காத மூன்றாவது கேள்வி

சான்று கொடுக்கலாமா, சேர்க்கலாமா என்ற இரண்டு கேள்விகளுக்கும் 2021-இல் எப்படியோ ஒரு விடை வந்தது. இந்தப் பிள்ளைகள் எதைக் கற்கவில்லை என்ற மூன்றாவது கேள்வி எழவே இல்லை. குறைந்த பாடத்திட்டம், ஜனவரி முதல் சில மாதங்களே வகுப்பறை. அந்த ஆண்டு கல்லூரியில் முதலாண்டுக் கணிதம் நடத்தியவருக்கு, முன்னால் உட்கார்ந்திருப்பவர்களில் யாருக்குத் தொகையிடல் தெரியும், யாருக்குத் தெரியாது என்பது 86.67-இலிருந்து தெரியாது.

இந்தக் கேள்வியைக் கேட்ட இடம் தொடக்கப் பள்ளி. 2022 ஜூனில் திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் தொடங்கிவைக்கப்பட்ட எண்ணும் எழுத்தும் திட்டம், ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரையிலான குழந்தைகளை அடிப்படைத் திறன் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தது. மூன்றாம் வகுப்பில் இருந்தாலும் எழுத்துக் கூட்டத் தெரியாவிட்டால் அரும்பு. அதற்கான பயிற்சித்தாள், அதற்கான பாடம். எண்ணைப் பார்த்துவிட்டு என்ன செய்யப்போகிறோம் என்பது அளப்பதற்கு முன்பே முடிவாகியிருந்தது. அங்கும் பிரச்சினைகள் வந்தன. ஒவ்வொரு குழந்தையின் விவரத்தையும் செயலியில் ஏற்றுவதிலேயே நேரம் போகிறது என்று ஆசிரியர்கள் புலம்பினார்கள். 2023-இல் பி.எட். மாணவர்களைக் கொண்டு திட்டத்தின் பயனை ஆராய முயன்றபோது ஆசிரியர் சங்கங்கள் எதிர்த்தன. குழந்தைக்கு உதவ எடுத்த அளவு தங்களை எடைபோடத் திரும்பும் என்ற அச்சம் காரணமில்லாதது அல்ல. பிளஸ் ஒன் மதிப்பெண் எப்படித் திரும்பியது என்று மேலே பார்த்தோம்.

பிளஸ் டூவுக்கு அன்று வேறு என்ன செய்திருக்கலாம்? மூன்று பகுதிகளையும் கூட்டாமல் சான்றிதழில் தனித்தனியே அச்சிட்டிருக்கலாம்: பத்தாம் வகுப்புச் சராசரி, பிளஸ் ஒன் எழுத்துத் தேர்வு, செய்முறையும் அகமதிப்பீடும். கலைக் கல்லூரி ஒன்றைப் பார்த்துக்கொள்ளும், பொறியியல் கல்லூரி இன்னொன்றை. பொறியியல் கலந்தாய்வு பிளஸ் ஒன் கணிதத்துக்குக் கூடுதல் எடை கொடுத்திருக்க முடியும். நம் கற்பனை மாணவன் தன் இடத்தைப் பிடித்திருப்பான். வரிசை போடும்போது மதிப்பெண்ணை முழு எண்ணாக்கிவிட்டு, சமமாக நிற்பவர்களைச் சமவாய்ப்பு எண்ணால் வெளிப்படையாகப் பிரித்திருக்கலாம். வழக்குகள் வந்திருக்கும், அது உறுதி. கல்லூரி திறந்த முதல் வாரத்தில், சேர்க்கையோடு தொடர்பில்லாத, மதிப்பெண் சான்றிதழில் ஏறாத ஒரு சோதனை வைத்து, தொகையிடல் தெரியாதவர்களுக்கு முதல் மாதம் தனி வகுப்பு நடத்தியிருக்கலாம். இதற்கு அரசாணை கூடத் தேவையில்லை. துறைத் தலைவர் நினைத்தால் போதும். சில கல்லூரிகளில் இணைப்புப் பாட வகுப்பு என்ற பெயரில் அதற்கான நேரம் ஏற்கெனவே கால அட்டவணையில் இருக்கிறது.